சீசனுக்கு முன் எத்தனை மேட்ச்? மலைக்கு வரும் ஹாக்கி அணிகள் முன்னால் உள்ள நான்கு வழிகள்

ஏப்ரல் பிறந்தால் நீலகிரிக்குச் சுற்றுலாப் பயணிகளோடு விளையாட்டு அணிகளும் ஏறி வரும். கீழே வெயில் கொளுத்தும் நாட்களில் ஊட்டியிலும் வெலிங்டனிலும் காலையில் இரண்டு மணி நேரம் தாராளமாக ஓடலாம். அப்படிப் பயிற்சி முகாமுக்கு வரும் ஹாக்கி அணிகளின் மேனேஜர்கள் எங்களைப் போன்ற உள்ளூர் கிளப்புகளிடம் முதலில் கேட்பது, "பிராக்டிஸ் மேட்ச் எத்தனை தருவீங்க சார்?" என்பதுதான்.

ஐந்து, ஆறு என்று ஓர் எண்ணைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அதைவிட யோசித்து எடுக்க வேண்டிய முடிவு இது. வருகிற வீரர்களில் பலருக்கு ஹாக்கிதான் சோறு போடுகிறது. சிலர் ரயில்வேயிலோ வங்கியிலோ வருமான வரித் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கியவர்கள். சிலர் இன்னும் ஸ்டைபெண்டு என்னும் உதவித்தொகையில், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஆடுகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு மே மாதத்தில் முழங்காலில் ஏ.சி.எல். என்னும் தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சை, மீட்புப் பயிற்சி என்று ஒன்பது மாதம் ஓடிவிடும். அந்த சீசன் முழுக்கப் போச்சு. அடுத்த ஒப்பந்தமும் சந்தேகம்தான். புள்ளிப் பட்டியலில் சேராத ஓர் ஆட்டத்துக்காக ஒரு வீரர் இவ்வளவு இழக்கக் கூடாது.

பயிற்சியாளர் முன்னால் இருக்கும் வழிகளை நான்காகப் பிரித்துப் பார்க்கிறேன். ஆட்டமே வேண்டாம் என்பது ஒன்று. எண்ணிக்கையையும் நிமிடங்களையும் குறைப்பது இன்னொன்று. ஆட்டத்தின் விதிகளை மாற்றி ஆடுவது மூன்றாவது. மலையில் பயிற்சி மட்டும் செய்துவிட்டு, ஆட்டங்களைக் கீழே டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், வைத்துக்கொள்வது நான்காவது.

நான்கையும் அளக்க நான் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் எப்போதும் இரண்டு வகை வீரர்கள் இறங்குகிறார்கள். அணியில் இடம் உறுதியானவர், உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்ற வந்திருக்கிறார். இடம் பிடிக்க வந்தவருக்கு இதுவே இறுதிப் போட்டி. இருவரும் ஒரே பந்துக்கு வரும்போது ஒருவர் காலைப் பின்வாங்குவார், மற்றவர் வாங்க மாட்டார். சீசனுக்கு முன் விழும் மோசமான அடிகள் பலவும் இந்த இடத்தில்தான் விழுகின்றன என்பது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. எந்த வழி இந்த மோதலைக் குறைக்கிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில் இது வருடாவருடம் பேசப்படும் விஷயம். அது வேறு விளையாட்டு, பனித்தரையில் சறுக்கி, உடம்போடு உடம்பு மோதி ஆடுவது. ஆனால் சிக்கல் நம்முடையதேதான். 2024 செப்டம்பர் 28 அன்று மான்ட்ரியல் அணியின் பாட்ரிக் லைனே, டொராண்டோவுக்கு எதிரான சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் முழங்கால் மோதலில் விழுந்தார். அந்தக் கோடையில்தான் மான்ட்ரியல் அவரைப் பெரிய சம்பளத்தோடு வாங்கியிருந்தது. மோதியவர் டொராண்டோவின் முதன்மை அணியில் நிரந்தர இடம் இல்லாதவர். லைனே டிசம்பர் 3 வரை லீக் ஆட்டம் எதிலும் இறங்க முடியவில்லை.

2025 அக்டோபர் 4 அன்று ஃப்ளோரிடா பாந்தர்ஸும் டாம்பா பே லைட்னிங்கும் ஆடிய சீசனுக்கு முந்தைய ஆட்டம் இன்னும் மோசம். 60 நிமிட ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து விதிக்கப்பட்ட தண்டனை நேரம், அதாவது தவறு செய்தவர்கள் ஒவ்வொருவருக்கும் வெளியே உட்காரச் சொல்லி விதிப்பது, 300 நிமிடத்தைத் தாண்டியது. லீக் பின்னர் லைட்னிங் அணிக்கு 1,00,000 டாலரும் அதன் பயிற்சியாளருக்கு 25,000 டாலரும் அபராதம் போட்டது. அபராதத்தால் யாருடைய காயமும் ஆறாது. ஆனால் புள்ளி இல்லாத ஆட்டத்தில் பழைய பகையும் இடம் பிடிக்கும் வெறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒரு நாளே போதுமான சாட்சி.

ஆட்டமே வேண்டாம் என்றால்?

இப்படிப்பட்ட செய்திகளைப் படித்ததும், முகாமில் பயிற்சி மட்டும் போதும் என்று சொல்லத் தோன்றும். சில பயிற்சியாளர்கள் அப்படியே செய்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன், ஆனால் இந்த வழியை ஏற்க முடியவில்லை.

முதல் காரணம், பயிற்சியிலும் அடிபடும். அதே பாந்தர்ஸ் அணியின் கேப்டன் அலெக்சாண்டர் பார்கோவ், 2025 செப்டம்பர் 25 அன்று வெறும் பயிற்சியில்தான் முழங்கால் தசைநார்களைக் கிழித்துக்கொண்டார். நம் ஹாக்கியிலும் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மேட் டாசனுக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் முன்பு பயிற்சியில் மோதிர விரல் மோசமாக உடைந்தது. அறுவை சிகிச்சையில் விரலைச் சரிசெய்து ஆறவிட்டால் ஒலிம்பிக் கைவிட்டுப் போகும் என்பதால், விரல் நுனியை வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டு பாரிஸுக்குப் போய் ஆடினார்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. உடம்பு தாங்குவது அது ஏற்கெனவே பழகிய சுமையைத்தான். மூன்று வாரம் கூம்பு வைத்து ஓடிவிட்டு நேராக லீக்கின் முதல் ஆட்டத்தில் 15 நிமிடக் கால்பகுதி நான்கை ஆடச் சொன்னால், தொடையின் பின்தசை முதலில் கைவிடும். எதிராளி திடீரெனத் திரும்பும்போது நாமும் திரும்பி, குனிந்த நிலையில் பந்தை வாங்கி, அடுத்த நொடியில் முழு வேகம் எடுப்பதை எந்தப் பயிற்சியும் அப்படியே கொடுத்துவிடாது. ஆட்டத்தைத் தவிர்ப்பதால் காயம் லீக்குக்குத் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான்.

நிமிடங்களைக் குறைப்பது

என்.எச்.எல். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு எடுத்த வழி இதுதான். லீக்கும் வீரர்கள் சங்கமும் 2025இல் ஒத்துக்கொண்ட புதிய ஒப்பந்தப்படி, 2026-27 சீசனிலிருந்து லீக் ஆட்டங்கள் அணிக்கு 82இலிருந்து 84 ஆகின்றன. சீசனுக்கு முந்தைய ஆட்டங்கள் நான்காகக் குறைகின்றன. 100 லீக் ஆட்டம் ஆடிய மூத்த வீரருக்கு, அந்த நான்கில் அதிகபட்சம் இரண்டுதான். என் கண்ணுக்கு எண்ணிக்கைக் குறைப்பைவிட இந்தக் கடைசி விதி முக்கியமாகப் படுகிறது. இடம் உறுதியானவரையும் இடம் தேடுகிறவரையும் ஒரே ஆட்டத்தில் சந்திக்க விடும் வாய்ப்பை அது நேரடியாகக் குறைக்கிறது. மூத்தவர் ஆடலாமா வேண்டாமா என்பதைப் பயிற்சியாளரின் அன்றைய மனநிலைக்கும் விடவில்லை, எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நம் ஹாக்கியில் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். மாற்று வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வெளியே அனுப்பலாம் என்ற விதி நம்மிடம் இருக்கிறது. அதனால் "அவர் ஆடுவாரா?" என்று கேட்பதைவிட "எத்தனை நிமிடம் ஆடுவார்?" என்று கேட்பது பொருத்தம். முதல் ஆட்டத்தில் மூத்தவருக்கு 20 நிமிடம், நான்கைந்து துண்டுகளாக. அடுத்ததில் 30. கடைசி ஆட்டத்தில் மட்டும் லீக்கில் ஆடப்போகும் அளவு. வெளியே ஒருவர் கையில் கடிகாரமும் தாளும் இருந்தால் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், ஆட்டம் சூடு பிடித்ததும் தாளை யாரும் பார்ப்பதில்லை. 2-2 என்று இருக்கும்போது, "அண்ணே, இன்னொரு அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சும் கேப்டனை வெளியே இழுக்க மனம் வராது. அதனால் நிமிடக் கணக்கைப் பார்க்கும் ஆள் பயிற்சியாளராக இருக்கக் கூடாது. ஃபிசியோவிடமோ மேனேஜரிடமோ அந்த அதிகாரத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு அவர் பேச்சை மீறக் கூடாது.

ஆட்டத்தையே மாற்றி ஆடுவது

நம்மூரில் குறைவாகப் பேசப்படும் வழி இது. எனக்கு மிகவும் நம்பிக்கை தருவதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹாக்கியில் அடிகளை இரண்டாகப் பிரிக்கலாம். கணுக்கால் சுளுக்கு, பின்தசைப் பிடிப்பு, முழங்கால் போன்ற கால் காயங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். பந்தும் மட்டையும் முகம், கண், பல், விரல்களில் படும் அடிகள் குறைவாக வந்தாலும் வாழ்நாளுக்கும் நிற்கக்கூடியவை. ஹாக்கி பந்து 156 முதல் 163 கிராம் எடையுள்ள கெட்டியான உருண்டை. நல்ல டிராக் ஃபிளிக்கில், அதாவது பந்தை மட்டையோடு இழுத்துச் சுண்டி எறிவதில், அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். இங்கிலாந்தின் சாம் வார்டு 2019 நவம்பரில், மலேசியாவுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில், தன் அணிக்காரர் கோலை நோக்கி அடித்த பந்து முகத்தில் பட்டு இடது கண் பார்வையை இழந்தார். பிறகு முகக் கவசத்தோடு திரும்பி வந்து டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். அந்த மனிதரின் மன உறுதியை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறையும். ஆனால் நம் பிள்ளைகள் யாருக்கும் அப்படி ஒரு சோதனை வர வேண்டாம்.

பயிற்சி ஆட்டத்தில் இதுபோன்ற அடிக்கு அதிக வாய்ப்புள்ள தருணம் பெனால்டி கார்னர், அதாவது தடுக்கும் அணி கோல் அருகே தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. கோல் கீப்பரோடு நான்கு டிஃபெண்டர்கள் கோல் கோட்டுக்குப் பின்னிருந்து பந்தை நோக்கிப் பாய்கிறார்கள். முதலில் பாயும் ரஷர் ஃபிளிக்கருக்கு நேர் எதிரே போய் நிற்கிறார். ரஷர் இடத்துக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் யார்? அணியில் இடம் கேட்டு வந்த பையன்தான். பயமில்லை என்று காட்ட வேண்டிய கட்டாயம் அவனுக்கு.

விதிப் புத்தகத்திலேயே ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. கார்னரில் முதல் ஷாட் மட்டையை ஓங்கி அடிக்கும் ஹிட்டாக இருந்தால், அது கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல், அதாவது கோல் பலகைக்கு மேல், போகக் கூடாது. ஃபிளிக்குக்கு இந்த உயரத் தடை கிடையாது. ஐந்து மீட்டருக்குள் நிற்கும் டிஃபெண்டருக்கு முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அபாயகரமான ஷாட் என்று தடுப்பவருக்கு ஃப்ரீ ஹிட் தருவார்கள். ஆனால் ஃப்ரீ ஹிட் தருவது அடி விழுந்த பிறகுதானே.

அதனால் பயிற்சி ஆட்டத்துக்கு நான் கேட்கும் மாற்றம் சின்னது. டிராக் ஃபிளிக்குக்கும் அதே பலகை உயரத்தை வரம்பாக வையுங்கள். மேலே போனால் கோல் இல்லை. உயரமான ஃபிளிக்கைத் தனியாக, கோல் கீப்பரை மட்டும் நிறுத்தி, எத்தனை வேண்டுமானாலும் அடித்துப் பழகட்டும். டிஃபெண்டர்களோடு பழக வேண்டிய நாளில் அத்தனை பேருக்கும் ஃபேஸ் மாஸ்க், முழங்கால் கவசம், கையுறை, அப்டமன் கார்டு இருந்தால் மட்டும் ஆரம்பிக்கலாம். நாலு பேருக்கு மூன்று மாஸ்க் இருந்தால் அன்றைக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

கவசத்தைப் பற்றி இன்னொன்று. ஷின் கார்டு, கணுக்கால் காப்பு, மவுத் கார்டு மூன்றையும் களவீரர்கள் அணிவது நல்லது என்றுதான் சர்வதேச விதி சொல்கிறது, கட்டாயமாக்கவில்லை. கிளப் ஆட்டத்தில் அதைக் கட்டாயமாக்க நமக்கு யார் அனுமதியும் தேவையில்லை. மவுத் கார்டு போட்டால் மூச்சு வாங்குகிறது என்று பையன்கள் சொல்வார்கள், மலையில் அது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்தது என்றால் அந்தத் தொல்லை நிறையக் குறையும்.

ஆட்டத்தை மாற்றுவதில் ஒரு குறை உண்டு. ஃபிளிக்கருக்கும் கார்னர் தடுப்பு அணிக்கும் உண்மையான சூழலில் பழகக் கிடைப்பதில்லை. அணியின் பாதி கோல் கார்னரில் வருகிறது என்றால் அது சின்ன இழப்பு இல்லை. முழு விதிகளோடு ஓர் ஆட்டம், கடைசி வாரத்தில், முழுக் கவசத்தோடு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மலையிலா, கீழேயா?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர், வெலிங்டன் சுமார் 1,850 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிடக் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான அளவு இறங்கியிருக்கும், ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். ஒரு தடவை முழு வேகத்தில் ஓடுவதில் வித்தியாசம் தெரியாது. அடுத்த ஓட்டத்துக்குத் தயாராவதில்தான் தாமதம். களைத்த கால் சரியாக ஊன்றாது, களைத்த கை மட்டையைத் தாறுமாறாக வீசும். மேலே வந்து முதல் நான்கைந்து நாள் ஆட்டமே வைக்காமல் இருப்பதும், அதன் பிறகும் மாற்று வீரர்களைக் கீழே செய்வதைவிட அடிக்கடி மாற்றுவதும் நல்லது. கொடைக்கானலுக்குப் போகும் அணிகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

தரைதான் அடுத்த கவலை. எங்கள் மைதானம் மண்ணும் புல்லும் கலந்தது. ஹார்டு ஹிட் ஒன்று சின்ன மேட்டில் பட்டால் நேரே நெஞ்சுக்கு எழும்பும். டர்ஃபில் மட்டும் வளர்ந்த இளம் வீரர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை, பந்தை வாங்கும்போது முகத்தை மட்டைக்கு மேலேயே வைத்திருப்பார்கள். கோடை மழை பெய்த மறுநாள் வழுக்கும். மாலையில் மஞ்சு இறங்கினால் எதிர் முனையிலிருந்து வரும் பந்து பாதி தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். எனவே ஆட்டம் காலையில்தான். காலைக் குளிரில் உடம்பைச் சூடேற்ற 25 நிமிடமாவது ஒதுக்க வேண்டும்.

கீழே போய் டர்ஃபில் ஆடினால் பந்து சொன்ன பேச்சு கேட்கும், லீக் ஆடப்போகும் தரையும் அதுதான். ஆனால் மூன்று வாரம் மெத்தென்ற புல்லில் ஓடிய கால், டர்ஃபின் பிடிப்பில் சட்டென்று திரும்பும்போது கணுக்காலும் முழங்காலும் வேறு மாதிரி இழுபடும். கெண்டைக்காலும் இடுப்பு மடிப்பும் இரண்டு நாளில் வலிக்க ஆரம்பிக்கும். இறங்கிய அன்றே ஆட்டம் வைப்பது தவறு. மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கி வந்த உடம்பு அது.

தரையை மட்டும் பார்த்தால் டர்ஃப்தான் மேல். ஆனால் நான் முதலில் கேட்ட கேள்விக்கு இந்த வழியில் பதில் இல்லை. எந்தத் தரையில் ஆடினாலும் இடம் தேடுகிறவரும் இடம் உறுதியானவரும் மோதத்தான் போகிறார்கள்.

என் தேர்வு

மேனேஜர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். மூன்று வார முகாமுக்கு மூன்று ஆட்டம். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் மாற்றிய விதிகளோடு இரண்டு, மூன்றாவது வாரம் முழு விதிகளோடு ஒன்று. மூத்தவர்களுக்கு நிமிடக் கணக்கு. முடிந்தால் அந்தக் கடைசி ஆட்டத்தை, கீழே இறங்கி இரண்டு நாள் டர்ஃபில் பழகிய பிறகு அங்கே வைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் விடாப்பிடியாக நிற்பது ஒன்றில்தான். தேர்வு ஆட்டத்தைப் பயிற்சி ஆட்டத்தோடு கலக்காதீர்கள். ஸ்டைபெண்டு பையன்களில் யாரை எடுப்பது என்று பார்க்க வேண்டுமா, அவர்களை இரண்டு அணியாகப் பிரித்து அவர்களுக்குள் ஒரு தேர்வு ஆட்டம் வையுங்கள். அங்கே எல்லோரும் ஒரே வேகத்தில், ஒரே தேவையோடு ஆடுவார்கள். மூத்தவர்களோடு ஆடும் ஆட்டம் தேர்வுக்குக் கணக்கில் வராது என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். ஒரு முறை அந்த ஆட்டத்தில் கோல் போட்டவனுக்கு இடம் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இடம் உறுதியில்லாத வீரன் வலியைச் சொல்ல மாட்டான். தலையில் அடிபட்டு ஒரு நொடி தலை சுற்றினாலும், "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் சொல்வான். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்ததாகச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அவரைத் திரும்ப இறக்கக் கூடாது என்பது எல்லா விளையாட்டுக்கும் பொதுவான மருத்துவ விதி. அந்த ஆட்டத்தால் இடம் போகாது என்று தெரிந்தால்தான் அவன் உண்மையைச் சொல்வான்.

மேலே வரும் அணிகள் மறக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மேட்டுப்பாளையம் சாலை எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டிய போக்குவரத்து மாற்றமும் இருக்கும். கண்ணிலோ தலையிலோ பட்ட அடியோடு கோயம்புத்தூர் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். எனவே ஆட்டத்தை வார நாளில், காலை ஏழு மணிக்கு வையுங்கள். அருகில் உள்ள மருத்துவமனையில் அன்று எலும்பு மருத்துவரும் கண் மருத்துவரும் இருக்கிறார்களா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ஒரு வண்டியும் டிரைவரும் மைதானத்தை விட்டு நகரக் கூடாது. ஐஸ் பெட்டியோடு ஒரு பாக்கெட் பாலும் இருக்கட்டும். பல் விழுந்தால் வேர்ப் பகுதியைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்த்தால் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு. இந்த ஏற்பாடுகளில் ஒன்று குறைந்தாலும் ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். மைதானம் தர எங்களால் முடியும்.